கைப்பிடி வைத்த பைனாகுலர்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இனி படம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரியே சத்யஜித் ராயின் ‘சாருலதா’வைப் போட்டுவிட்டேன். கல்லூரி நாளில் நீ பாதியில் தூங்கிப்போனாயே, அதே படம்தான்.

1964ல் எடுத்த படம், கதை நடப்பது 1879 வாக்கில் கல்கத்தாவில். ஆனால் அந்தக் காலத்தைக் காட்டுகிறேன் பார் என்று ராய் எங்கும் மெனக்கெடுவதில்லை. ஆரம்பக் காட்சியையே எடுத்துக்கொள். ஏறக்குறைய பேச்சே கிடையாது. சாரு கைக்குட்டையில் கணவனின் முதலெழுத்தைத் தைக்கிறாள். அப்புறம் கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரை எடுத்துக்கொண்டு, தெருவில் குடையோடு போகிற ஒரு குண்டு ஆசாமியை ஜன்னல் ஜன்னலாக ஓடித் துரத்திப் பார்க்கிறாள். அந்த நேரம் கணவன் பூபதி புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கடந்து போகிறான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அதே பைனாகுலரை அவன் முதுகுப் பக்கம் திருப்புகிறாள். சொந்த வீட்டுக்குள் புருஷனைப் பார்க்கவே பைனாகுலர் வேண்டியிருக்கிறது! இதற்குமேல் வசனம் எதற்கு?

தோட்டத்து ஊஞ்சல் காட்சியில் அந்தப் பைனாகுலர் மறுபடி வருகிறது. கேமரா ஊஞ்சலோடு சேர்ந்தே ஆடுகிறது. அவள் முகம் அப்படியே நிற்க, பின்னால் மரங்கள்தான் போய்ப் போய் வருகின்றன. பூபதிக்குத் தம்பி முறையான அமல் புல்தரையில் படுத்து எழுதிக்கொண்டிருக்கிறான். பைனாகுலரில் பக்கத்து வீட்டுத் தாயையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, மெல்ல அமல் பக்கம் திருப்புகிறாள். காதல் என்ற சொல்லே இல்லாமல் அவளுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது, நமக்கும்தான். சாருவாக நடித்த மாதவி முகர்ஜியின் அந்த முகத்தை நான் மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். (புதுக் கண்ணுக்கு நல்ல வேலை.)

இருபது வயதில் பூபதிமேல் எனக்கு அவ்வளவு கோபம். இப்போது அது இல்லை. நல்ல மனுஷன்தான், பத்திரிகை நடத்துகிற மும்முரத்தில் வீட்டைக் கவனிக்கவில்லை. நம்மில் யார் ஒழுங்கு?

கடைசியில் சாரு, பூபதி இருவர் கையும் நீள்கின்றன, தொடுவதற்கு முன்னாலேயே ராய் படத்தை உறைய வைத்துவிடுகிறார். அந்தக் கைகள் அப்புறம் சேரும் என்கிறாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முறை தூங்காமல் பார்த்துவிட்டு உன் கட்சி எது என்று எழுது.

அன்புடன்,
சீனு