பையன்கள் இல்லத்திலிருந்து ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் எங்கள் பையன்கள் இல்லத்துக்கு இந்த ஆண்டு கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். பணம் தந்தவர்களுக்கு ரசீது அனுப்பியாயிற்று. ரசீது போட முடியாத உதவிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா. மழைக்கு முன்னால் ஒரு பையனுக்கு வந்த சொறிசிரங்கு, நாங்கள் சுதாரிப்பதற்குள் அறை முழுக்கப் பரவிவிட்டது. அரிப்பு இருக்கிறவனுக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது. சமையல்காரர், காப்பாளர் உட்பட எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்விரல் வரை பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும் என்றார். சொன்னதோடு விடவில்லை. இரண்டு முறையும் வேலை முடிந்து வந்து, விரலிடுக்கு வரை பார்த்துப் பார்த்துப் பூசவைத்தார். மறுநாள் போர்வை, கைலி, சட்டை அத்தனையையும் வெந்நீரில் போட்டு அலசியது பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார். அண்டாவும் அவர்களே கொண்டுவந்தார்கள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, சோறு பொங்குகிற அண்டா இல்லை, பயப்பட வேண்டாம்!

எங்கள் சமையல் பாட்டிக்குச் சம்பளம் உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது சம்பளத்தில் சேராத வேலை. சின்னவன் ஒருவன் ராத்திரியில் படுக்கையை நனைத்துவிடுவான். திட்டினால் இன்னும் அதிகமாகும். பாட்டி நடுராத்திரியில் அவனை எழுப்பிக் கூட்டிப்போய் வருவார். அப்படியும் நனைந்துவிட்டால், மற்றவர்கள் விழிக்கும் முன்பே விரிப்பை மாற்றிவிடுவார். கொடியில் ஒரு விரிப்பு மட்டும் தொங்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே! அதனால் நனையாத நாலைந்தையும் சேர்த்தே துவைத்துப் போடுகிறார்.

அப்புறம் தையல்கார அண்ணாச்சி. முன்பெல்லாம் கிறிஸ்மஸ் துணி மூட்டையாக வரும். கிடைத்ததைப் போட்டு, பெரிதாக இருந்தால் அரைஞாண் கயிற்றில் சொருகிக்கொள்வார்கள். இந்த வருஷம் அண்ணாச்சி டேப்போடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவனையும் நிறுத்தி அளவெடுத்தார். "பாக்கெட் ஒண்ணு போதுமாடே, ரெண்டு வேணுமாடே?" என்று கேட்டார். கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்டுப் பழக்கமில்லை. எல்லாரும் ரெண்டு பாக்கெட் கேட்டார்கள். எல்லாருக்கும் வைத்துத் தைத்தார்.

சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற சார், முடிவெட்டக் காசு வாங்காத தம்பி, ஐடிஐ சேர்க்கைக்கு எங்கள் பெரிய பையனோடு அலைந்த சபை வாலிபர்கள், உங்களுக்கும் நன்றி.

சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி, இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுதி வைக்க வேண்டும். உடல்நலம், படிப்பு, மனநிலை, உறவினர் தொடர்பு என்று பல கட்டங்கள் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டத்தை நிரப்ப ஒரு பேனா போதும், பிள்ளையின் நாளை நிரப்ப ஆள் வேண்டும். லூக்கா 2:52 இயேசுவின் வளர்ச்சியைச் சொல்லும்போது ஞானம், வளர்த்தி, தேவகிருபை என்பதோடு மனுஷர் தயவையும் சேர்த்துச் சொல்கிறது. சோறு, பள்ளிக்கூடம், ஜெபம் எல்லாம் காம்பவுண்டுக்குள் நாங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த நாலாவது மட்டும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். இந்த ஆண்டு அது உங்கள் கையால் வந்தது.

பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க வந்து, படம் எடுக்க வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் போனை உள்ளே வைத்தவர்களுக்குத் தனி நன்றி. பிள்ளைகளின் அடையாளம் வெளிவரக் கூடாது என்பது சட்டம். சோற்றுத் தட்டோடு தன் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை எந்தப் பையனும் விரும்புவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

டிசம்பரில் கேரல் முடிந்ததும் பையன்களே பரிமாறுகிற சாப்பாடு உண்டு. அவசியம் வாருங்கள். வருவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாட்டி அரிசி கூடப் போடுவார்.

கிறிஸ்துவின் பணியில்,
இல்லக் காப்பாளர்