மகளுக்கு, ஈஸ்டருக்குப் பிறகு

அன்பு மகளுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துக்கள். நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் பழையபடிதான், நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. பேத்தி நன்றாக வளர்ந்துவிட்டாள், நெற்றி அப்படியே அத்தையைப் போல. நீதான் மெலிந்து தெரிகிறாய். படத்தில் நீங்கள் இரண்டு பேர். போன முறை வந்த படத்திலும் இரண்டு பேர்தான். மாப்பிள்ளைதான் படம் எடுத்திருப்பார் என்று அப்பா சொன்னார். நானும் சரி என்றேன்.

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து வந்ததும் போனைப் பார்த்தேன். மாலையிலும் பார்த்தேன். உனக்கு வேலை இருந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு, அதை மட்டும் தள்ளிப் போடாதே.

சபைச் செய்தி சொல்கிறேன். குருத்தோலை ஞாயிறு பவனியில் இந்த வருஷம் சின்னப் பிள்ளைகள் நிறைய. பெரிய வியாழன் இரவு அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து, வெள்ளிக்கிழமை தியானம், எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஈஸ்டர் காலையில் பின்வரிசைக்கு நாற்காலி போட வேண்டியிருந்தது. "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்" என்று போதகர் சொன்னதும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை முழுவதும் பதில் சொன்ன சத்தத்தில், உன் மடியில் தூங்கிக்கொண்டே வளர்ந்த அந்தச் சின்னவன் அழுதுவிட்டான். இப்போது அவனுக்குத் தம்பி இருக்கிறான், தெரியுமா?

திருவிருந்து மேசையைச் சுற்றி அவ்வளவு பூ. தாத்தா இருந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அவர் பேச்சு உனக்கு மனப்பாடம்தானே. 1560இல் நம் சபை வழியின் முன்னோர்களான ஸ்காட்லாந்துச் சீர்திருத்தக்காரர்கள் பண்டிகை நாட்களை எடுத்துப் போட்டார்கள், 1645இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆராதனை முறைமையும் வேதத்தில் ஆதாரமில்லாத பண்டிகைகள் வேண்டாம் என்றது, நமக்கு ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதல் நாள் என்பார். சிறுவயதில் எனக்கு அது வறட்டுப் பிடிவாதமாகத் தெரிந்தது. பூவும் பாட்டும் வேண்டாம் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் திருவிருந்தை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு என்று வேண்டுமென்றே வைத்தார்கள். ஈஸ்டர் அன்று மட்டும் கூட்டமாக வந்து பெற்றுக்கொண்டு போகிற பழக்கத்தை முறிக்கத்தான். அந்த நியாயம் இப்போது புரிகிறது. அடுத்த ஞாயிறே போட்ட நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டோம். பாடகர் குழுவிலும் பாதிப் பேர் இல்லை. பெந்தெகொஸ்தே வரை 50 நாளும் உயிர்த்தெழுதல் காலம்தான், நாம்தான் ஒரே நாளில் முடித்துவிடுகிறோம்.

அந்த இரண்டாம் ஞாயிறு வாசிப்பு எப்போதும் இயேசுவின் சீஷன் தோமாவைப் பற்றித்தான். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்குக் காட்சி கொடுத்த முதல் ஞாயிறு மாலை அவன் அங்கே இல்லை. எங்கே போயிருந்தான் என்று யோவான் எழுதவில்லை. எட்டு நாள் கழித்து வந்தபோது, ஏன் அன்றைக்கு வரவில்லை என்று மற்றவர்கள் கேட்டதாகவும் எழுதவில்லை. கதவு பூட்டியிருந்த வீட்டுக்குள் அவனும் அவர்களோடு இருந்தான், அவ்வளவுதான். எத்தனையோ முறை கேட்ட பகுதி. இந்தத் தடவை கேட்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே.

நீ அங்கே ஏதாவது ஒரு சபைக்குப் போகிறாயா? நம் சபையாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போ. பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வா, போதும்.

பெரிய செய்தி செஷன் கூட்டம்தான், சபை மூப்பர்கள் கூடி முடிவெடுக்கிற கூட்டம். இல்லாதவர்களுக்கு மளிகை கொடுக்கிற நம் மளிகை அறையைப் பற்றி. நீ வாலிபர் கூட்டத்தில் இருந்தபோது அலமாரிக்கு வர்ணம் அடித்தீர்களே, அதே அறை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவக்காலத்தில் பிள்ளைகள் சேர்த்த உண்டியல் பணமும் ஈஸ்டர் காணிக்கையில் ஒரு பங்கும் அதற்குத்தான் போகிறது. லெந்து முடியும்வரை கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கொடுக்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள், வாங்க வருகிறவர்கள் குறைவதில்லை. அதனால் மூப்பர் ஒருவர், நல்ல மனுஷர், நியாயமாகத்தான் பேசினார், இனி வருகிறவர்களிடம் வருமானச் சான்று கேட்கலாம், இல்லாவிட்டால் உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேராது என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

நான் செஷனில் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன். திடப்படுத்தல் வகுப்பில் நீங்கள் படம் பார்த்த திருவிருந்து வில்லையை ஞாபகப்படுத்தினேன். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை ஸ்காட்லாந்தில் மூப்பர்கள் ஒவ்வொருவரையும் விசாரித்து, நடத்தை சரி, போதனை தெரியும் என்று கண்டவர்களுக்கு மட்டும் ஈயத்தில் வார்த்த ஒரு சின்ன வில்லையைக் கொடுப்பார்கள். மேசைக்கு வரும்போது அதைக் காட்ட வேண்டும். வில்லை இல்லாதவருக்கு இடம் இல்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மேசையின் பரிசுத்தத்தைக் காக்கத்தான் செய்தார்கள். ஆனால் வீட்டில் ஏதோ நடந்துவிட்ட ஒரு பெண், மூப்பர் வந்து கேள்வி கேட்பாரே என்று பயந்து அந்த வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருப்பாள். எத்தனை பேர் அப்படி இருந்திருப்பார்கள்? அவர்களுக்குத்தானே அந்த மேசை அதிகம் தேவைப்பட்டிருக்கும்? நாமே விட்டுவிட்ட வில்லையை இப்போது மளிகை அறை வாசலில் திரும்ப வைக்கப் போகிறோமா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

போதகர் அந்த வாரத்து வாசிப்பை எடுத்தார், யோவான் 21. உயிர்த்தெழுந்தவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, படகில் மீன் பிடிக்கப் போயிருந்த சீஷர்களிடம், வந்து சாப்பிடுங்கள் என்கிறார். அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவும் அந்தப் படகில்தான் இருக்கிறான். அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அவரிடம் இருக்கிறது, கேட்கவும் செய்கிறார், மூன்று முறை கேட்கிறார். ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகுதான். அதையும் கணக்குக் கேட்பதுபோல் கேட்கவில்லை, என்னை நேசிக்கிறாயா என்றுதான் கேட்கிறார்.

சான்று வேண்டாம் என்று முடிவாயிற்று. பெயரும் வீட்டில் எத்தனை பேர் என்பதும் மட்டும் எழுதுவோம். சரக்கு குறைந்தால் இன்னும் கேட்டு வாங்குவது எங்கள் பாடு. அந்த மூப்பரே மறுநாள் ஆளுக்கு ஒரு வாரம் என்று பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். ஜூன் வரைக்கும் பெயர்கள் நிரம்பிவிட்டன. உன் அப்பா முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார், நீயாவது கண்டித்துச் சொல்.

நான்காம் ஞாயிறு அப்போஸ்தலர் 9இலிருந்து தொற்காள். அவள் இறந்தபோது விதவைகள் எல்லாம் நின்று, அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டி அழுதார்கள் என்று வருகிறதே, அந்தப் பகுதி. அதைக் கேட்டுவிட்டுப் பெண்கள் சங்கத்தில் தையல் மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். குழந்தைகளுக்கான உடைகள்தான் முதலில். உன் கைத்தையல் மாதிரி இங்கே யாருக்கும் வரவில்லை. இதை நான் உன்னிடம் நேரில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன், இப்போது சொல்கிறேன். நீ எடுத்த காரியத்தை முடிக்கிறவள். வாலிபர் கூட்டத்தை நீ நடத்திய வருஷங்களைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். அப்படிப்பட்டவள் அம்மாவுக்கு ஒரு போன் பேசக்கூட நேரமில்லாமல் என்ன செய்கிறாய்?

சரி, அதை விடு.

இந்த மாதம் வீட்டுத் திருவிருந்து என் முறை. ஆராதனை முடிந்த கையோடு அப்பமும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு, நடக்க முடியாதவர்கள் வீடுகளுக்கு இரண்டு இரண்டு மூப்பர்களாகப் போகிறோம். கோயிலிலும் நாம் யாரும் எழுந்து போவதில்லையே, மூப்பர்கள் தட்டைக் கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் கையில் கொடுக்கிறோம். அதேதான், வரிசை கொஞ்சம் நீண்டு வீடு வரைக்கும் போகிறது. ஒரு வீட்டில் ஒரு அம்மா, பல மாதமாக யாரையும் உள்ளே விடாதவர், இந்த முறை கதவைத் திறந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ஜெபம் பண்ணி, அப்பத்தைக் கொடுத்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தோம். வாசல் வரை வந்தவர், அங்கே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அரைமணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே கேட்டோம். என்ன என்று உனக்கு எழுத மாட்டேன், அது அவர் சொன்னது.

என்னிடமும் சொல்லலாம். உன் பெரியம்மாவிடமும் போகாது, செஷனிலும் போகாது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் அவரிடமும் சொல்ல மாட்டேன், அது எனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் சொல்ல மாட்டேன்.

பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சபையார் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தது நினைவிருக்கிறதா? இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கப் பெற்றோருக்குத் துணை நிற்போம் என்று. நீங்கள் மூவரும் முன்னால் நின்றீர்கள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டது நான் பார்த்தேன். அந்த வாக்குக்கு நிபந்தனை எதுவும் இல்லை. வீட்டில் நிலைமை எப்படி இருந்தாலும் அது மாறாது. உனக்கும் நீ குழந்தையாக இருந்தபோது அதே சபை கொடுத்தது, அதில் பாதிப் பேர் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பரமேறுதல் நாள் முடிந்து பத்தாம் நாள் பெந்தெகொஸ்தே. பேத்திக்கு விடுமுறை இருந்தால் இரண்டு பேரும், அல்லது மூன்று பேரும், உங்கள் வசதிப்படி வாருங்கள். மேல் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள், திரும்பிப் போகிற தேதி இப்போதே சொல்ல வேண்டியதில்லை. சபைக்கு வர மனமில்லாவிட்டால் வீட்டிலேயே இரு, நான் போய்விட்டு வருகிறேன். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான், நீ இல்லை. வேளைக்குச் சாப்பிடு. தூங்கு. பக்கத்தில் ஒரு சபைக்குப் போ.

பேத்திக்கு முத்தம்.

என்றும் அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: மாப்பிள்ளையின் பிறந்தநாள் வருகிறது. வாழ்த்து அட்டை வாங்கி எழுதி வைத்திருக்கிறேன். உன் விலாசத்துக்கே அனுப்பலாமா, வேறு விலாசத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று மட்டும் ஒரு வரி எழுது. எதுவானாலும் அட்டையை அனுப்பத்தான் போகிறேன்.