அம்புக்குறி தவறான காலில்

ஆசிரியருக்கு,

நாய்களின் கூடுதல் விரலைக் கண்டறியும் மரபணுச் சோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முன்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் விரலைக் கூடுதல் விரல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூடுதல் இல்லை. நம் கட்டைவிரலைப் போல நாய்க்கு இயல்பாகவே உள்ளது. எலும்பைக் கடிக்கும்போது நழுவாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். கட்டுரையை நம்பி யாராவது அதை வெட்டச் சொல்லிவிடப் போகிறார்கள்!

பெரும்பாலான நாய்களுக்குப் பின்காலில் நான்கு விரல்தான். அங்கே ஐந்தாவது, சில சமயம் ஆறாவது முளைத்தால்தான் கூடுதல் விரல் என்ற பேச்சே. பிரெஞ்சு ஆட்டுநாய்களான பிரியார், போஸரோன் இரண்டுக்கும் பின்காலில் இரட்டை விரல் இருந்தே ஆக வேண்டும் என்பது இனவிதி. ஆக, இதை நோய் என்று கட்டுரையாளர் சொன்னதும் சரியில்லை.

சோதனைக்கு வருகிறேன். எல்.எம்.பி.ஆர்.1 என்ற மரபணுவுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது இயக்குவதோ வெகுதூரம் தள்ளியிருக்கும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற வேறொரு மரபணுவை. கருவில் கால் உருவாகும்போது அந்த மரபணு வேலை செய்யக்கூடாத பக்கத்திலும் வேலை செய்தால் விரல் கூடிவிடும். ஆறுவிரல் பூனைகளின் கதையும் இதேதான். இந்த சுவிட்சில் ஆசிய நாய்களுக்கு ஒரு மாற்றமும் மேலைநாட்டு இனங்களுக்கு வேறொரு மாற்றமும் இருப்பதாக 2008-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒன்றை மட்டும் தேடும் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது. அப்புறம், விரல் கூட, தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து இந்த மாற்றம் வந்தாலே போதும். ஆனால் மாற்றம் இருந்தும் விரல் வராத நாய்களும் உண்டு. அதனால் கூடுதல் விரல் இல்லாத ஜோடிக்கும் பின்காலில் ஐந்து விரல் குட்டி பிறக்கலாம்.

எங்கள் நாய்க்குப் பின்காலில் இந்த விரல் உண்டு. எலும்புப் பிடிப்பு இல்லாமல் வெறும் தோலில் தொங்கும். தரையில் படாததால் நகம் தேயாது. அடர்ந்த முடிக்குள் அது வட்டமாக வளைந்து சதைக்குள் இறங்கியிருந்ததை, அவன் காலை ஓயாமல் நக்கியபோதுதான் பார்த்தேன். வெட்டி எடுத்த நகம் சின்ன மோதிரம் மாதிரி இருந்தது. எந்தச் சோதனைத் தாளும் இதைச் சொல்லியிருக்காது.

கட்டுரையோடு வந்த படத்திலும் அம்புக்குறி முன்காலில்தான் இருக்கிறது. அடுத்த இதழில் பின்கால் படத்தைப் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்