சத்தமா, மட்டையா, மோசடியா?

அன்புள்ள செல்வத்துக்கு,

மொழிபெயர்ப்பு பாதி முடிந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆங்கில மூலத்தில் வரும் 'ராக்கெட்' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். சத்தம், விளையாட்டு மட்டை, சட்டவிரோதத் தொழில் என்று அதற்கு மூன்று பொருள் உண்டு. விண்ணில் ஏவும் ராக்கெட் வேறு சொல், தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மூலத்தில் 'ஆர்' எழுத்துக்கு அடுத்து 'ஏ' இருந்தால்தான் இது நம் சொல். 'க்யூ' போட்டு எழுதியிருந்தால் விளையாட்டு மட்டை, சந்தேகமே வேண்டாம். 'சி, கே' போட்டிருந்தால்தான் சிக்கல். டென்னிஸ் விதிகளிலேயே மட்டைக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அப்போது பக்கத்துச் சொற்களைப் பார். 'மேக்' என்ற வினையோடு வந்தால் சத்தம். 'ரன்' என்று வந்தாலோ, முன்னால் போதைப்பொருள், சூதாட்டம் என்று ஏதாவது ஒட்டியிருந்தாலோ சட்டவிரோதத் தொழில். 'புரொடெக்‌ஷன் ராக்கெட்' வந்தால் மட்டும் 'பாதுகாப்பு' என்று தொடங்கிவிடாதே. பணம் தந்தால் கடைக்கு ஒன்றும் ஆகாது என்று ரவுடிகள் சொல்வார்கள், தராவிட்டால் அவர்களே வந்து உடைப்பார்கள். 'மிரட்டி மாமூல் வாங்குவது' என்றால் வாசகருக்கு உடனே புரியும். 'ராக்கெட்டீர்' என்பவன் எப்போதும் இப்படிச் சட்டவிரோதத் தொழில் நடத்துபவன்தான், கூச்சல் போடுபவன் அல்ல. குற்றக் கும்பல்களுக்கு எதிராக அமெரிக்காவில் 1970இல் வந்த ரிக்கோ சட்டத்தின் முழுப்பெயரிலும் இவன் இருக்கிறான்.

சத்தம் என்ற பொருளில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அகராதியைத் திறந்தால் கூச்சல், அமளி, ஆரவாரம் என்று வரிசையாகக் கிடைக்கும். ஆரவாரத்தை முதலில் தள்ளிவிடு. அதில் மகிழ்ச்சி உண்டு, 'ராக்கெட்'டில் கேட்பவரின் எரிச்சல் உண்டு. மற்றபடி சத்தம் போடுவது யார் என்பதுதான் கணக்கு. பழைய இயந்திரமானால் 'கடகடவென்று ஒரே இரைச்சல்', பிள்ளைகளானால் 'கூச்சல்', குடித்துவிட்டு வந்தவனானால் 'ரகளை'. 'அமளி' அவைக்கும் கூட்டத்துக்கும்தான் பொருந்தும், இரண்டு பிள்ளைகள் கத்துவதற்குப் போட்டால் செய்தித்தாள் வாடை அடிக்கும். 'ஸ்டாப் தட் ராக்கெட்!' என்று ஒரு தாய் அதட்டினால் பெயர்ச்சொல்லே தேவையில்லை. 'கத்தாம இருங்கடா!' போதும்.

இதேபோல் 'ஆர், ஓ, டபிள்யூ' என்று எழுதும் 'ரோ' என்ற சொல்லிலும் கவனம். வரிசை என்றால் 'ரோ', சண்டை சச்சரவு என்றால் அதே எழுத்துகளை 'ரௌ' என்று உச்சரிப்பார்கள். 'ஹேட் எ ரோ' என்று கண்ணில் பட்டால் பெரும்பாலும் சண்டைதான்.

அடுத்த அத்தியாயத்தையும் அனுப்பு. மூலப் பக்கங்களைச் சேர்த்தே அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
மணி