டிக்கெட் எடுத்தால் தீர்ந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் முஸஃபர் அலியின் 'கமன்' (1978) இந்திப் படம் பற்றிய கட்டுரை படித்தேன். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் மனைவியை விட்டுவிட்டு, பம்பாய் வந்து டாக்சி ஓட்டுபவனின் கதை. 'ஃபாரூக் ஷேக் ரயில் ஏறாமல் ஸ்டேஷனிலேயே நின்றுவிடுவது செயற்கை. ஒரு டிக்கெட் எடுத்தால் தீர்ந்தது' என்கிறார் உங்கள் விமர்சகர். தீர்ந்ததாம்!

நான் 1976 முதல் பதினேழு வருடம் பம்பாய் சயான் கோலிவாடாவில் குடியிருந்தவன். பக்கத்து அறையில் உத்தரப் பிரதேசத்து டாக்சி டிரைவர்கள் எட்டுப் பேர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்தால்தான் இரவு ஷிப்டுக்காரருக்குப் படுக்க இடம். பிரவேசிகா பரீட்சை வரை இந்தி படித்த பாவத்துக்கு மாதாமாதம் அவர்களுக்கு மணியார்டர் பாரம் எழுதித் தருவது என் வேலை. அவர்களில் ஜௌன்பூர்க்காரர் ஒருவர், அடியில் சேதி எழுதும் அந்தத் துண்டு இடத்துக்கு என்ன சொல்லலாம் என்று பத்து நிமிடம் யோசிப்பார். கடைசியில், "நலம். மழைக்கு முன் ஓடு மாற்றவும்" என்பார். அவ்வளவுதான். பணம் சேர்ந்ததற்கு மனைவியின் கைநாட்டோடு ரசீது திரும்பி வரும். அந்த மைக்கறைச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு டாக்சியிலேயே வைத்திருந்தார்.

நான்கு வருடம் அவர் ஊருக்குப் போகவில்லை. ரயில் கட்டணம் பெரிதில்லை ஐயா. வெறுங்கையோடு போக முடியுமா? திரும்பி வரும்போது வண்டியை முதலாளி வேறு ஆளிடம் கொடுத்திருப்பார். என் தாயார் காலமான தந்தி வந்தபோது நானும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பதினாறாம் நாளுக்குத்தான் அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தேன். அதையும் செயற்கை என்று உங்கள் விமர்சகர் எழுதலாம்.

அப்புறம் அந்தப் படக்குறிப்பு. 'அம்பாசடர் டாக்சியில் நாயகன்' என்று போட்டிருக்கிறீர்கள். பம்பாயில் ஓடிய கறுப்பு மஞ்சள் டாக்சி ஃபியட் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடம் முன்பு 'தோ பீகா ஜமீன்' படம் பற்றி எழுதியபோது பல்ராஜ் சாஹ்னியைப் பம்பாய் வீதியில் கைரிக்‌ஷா இழுக்க வைத்தீர்கள். அது கல்கத்தா என்று கார்டு போட்டேன். பதில் இல்லை. இப்போது கல்கத்தா டாக்சியான அம்பாசடரைப் பம்பாய்க்கு ஓட்டி வந்து நேர் செய்துவிட்டீர்கள் போலும்.

பாட்டைப் பற்றி ஒரு வரி உண்டா? 'ஆப் கீ யாத்' பாடிய சாயா கங்குலிக்கும் இசையமைத்த ஜெய்தேவுக்கும் இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. நடிகர்களின் கல்யாண ஆல்பத்துக்கு ஆறு பக்கம் ஒதுக்கும் பத்திரிகையில் இதற்கு இடமில்லை, சரி, புரிகிறது.

விமர்சகர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது அந்தக் கார் ஃபியட் என்று திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ப.சு., அம்பாசமுத்திரம்