தவிலுக்கும் வீணைக்கும் ஒரே பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை வாசித்தேன். ஒரு லப்டொப், ஒரு மைக், ஒரு ஓடியோ இன்டர்பேஸ் இருந்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டியான அந்த மூன்றாவது சாமானை வாங்கப்போய் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான் யாழ்ப்பாணத்து இணுவிலில் இருப்பவன். தவில் வாசிக்கிறேன், மகள் வீணை படிக்கிறாள். நாதஸ்வரம் வாசிக்கும் மருமக்கள் இருவரையும் சேர்த்து ஒழுங்காக ஒரு பதிவு செய்து வைக்க ஆசை. தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று, நாதஸ்வரங்களுக்கு இரண்டு என்று நாலு மைக் வேண்டும்.

கடைப் பொடியன் ஒரு பெட்டியை எடுத்துத் தந்தான். "நாலு இன்புட் எண்டு பெட்டியிலேயே போட்டிருக்கு அண்ணை." போட்டுத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் மைக் வயர் செருகும் இடம் முன்பக்கம் இரண்டே இரண்டு. பின்னால் இருந்த மற்ற இரண்டும் கீபோர்ட் போன்றவற்றுக்கான லைன் இன்புட். மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்கிவிடும் பிரிஅம்ப் அதில் இல்லை, கொன்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதில் வராது. சீல் உடைத்த சாமானைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம். சீலை உடைக்காமல் பின்பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், சிரித்தான். பதினெட்டு இன்புட் என்று விற்கும் பெரிய பெட்டிகளிலும் மைக்குக்கு எட்டுத்தான் இருப்பதுண்டு. மீதி, டிஜிட்டல் வழியாக வருவதையும் கூட்டிச் சொல்லும் கணக்கு.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதோ 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ். இந்தக் கிலோஹேர்ட்ஸ், ஒலியைச் செக்கனுக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்கிறது என்ற கணக்கு. மனிதக் காதுக்கு எட்டுவதே ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ் வரைதான், அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும். சீடிக்கு 44.1 போதுமாக இருந்தது, எங்கள் வீட்டு வேலைக்கு 48 தாராளம்.

எனக்கு வேண்டியிருந்தது கெயின், அதாவது மைக் சிக்னலைத் தூக்கிவிடும் அளவு, எவ்வளவு தூரம் ஏறும், எவ்வளவு தூரம் இறங்கும் என்ற விபரம். அது பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. விரலில் கூடு போட்டு வலந்தலையில் ஒரு தட்டுத் தட்டினால், குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பிவைத்தும் சிவப்பு விளக்கு எரிகிறது, ஒலி கிழிகிறது. அதே பெட்டியில் மகளின் வீணைக்குக் குமிழை முழுக்கத் திருப்பினால் கமகத்துக்குப் பின்னால் "ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல். சிக்னலை 10, 20 டெசிபல் குறைக்கும் 'பேட்' சுவிட்ச் சில இன்டர்பேஸ்களில் உண்டென்று பிறகுதான் தெரிந்தது. கிட்டாரும் பாட்டும் பதிவு செய்கிறவர்களுக்கு அது தேவைப்படாது போலும். தவில்காரனுக்கு அதுதான் முதல் கேள்வி.

அப்புறம் தாமதம். லப்டொப் வழியாகச் சுற்றி ஹெட்போனுக்கு வரும் ஒலி கொஞ்சம் பிந்தி வருகிறது. பபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலி அளவுகளின் எண்ணிக்கை, 512 என்றால், 44.1 கிலோஹேர்ட்ஸில் ஒரு வழிக்கே ஏறத்தாழ 12 மில்லிசெக்கன், போய்வர அதன் இரண்டு மடங்குக்கு மேல். மகள் சமாளித்துவிட்டாள். எனக்கு நாலாம் காலத்தில் கை தடுமாறுகிறது. பபரைக் குறைத்தால் பழைய லப்டொப் திக்கித் திக்கிப் பாடுகிறது. கணினிக்குப் போகாமல் நேரே காதுக்கு அனுப்பும் டிரெக்ட் மொனிட்டர் பொத்தான் இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை, நல்லவேளையாக என் பெட்டியில் அது இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை போனது என் பிழைதான்.

'ம்ம்ம்' என்ற உறுமலுக்கும் முதலில் பெட்டியைத்தான் திட்டினேன். சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ஓடவிட்டதும் நின்றுவிட்டது. எங்கள் பழைய வீட்டு பிளக்கில் மூன்று துளை உண்டு, எர்த் வயர் மட்டும் இல்லை. இப்போது பட்டரி தீர்வதற்குள் ஆலாபனையை முடிக்கவேண்டும் என்று மருமக்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இனி இப்படியான சாமான்களைப் பற்றி எழுதும்போது எத்தனை மைக், எவ்வளவு கெயின், பேட் உண்டா இல்லையா என்பதையும் போடுங்கள். கடைக்காரர்களும் ஒவ்வொரு மொடலிலும் ஒன்றைத் திறந்து மேசையில் வைத்தால் புண்ணியமாகப் போகும். பரிசோதிக்க ஆள் இல்லை என்று சொல்லவேண்டாம், தவிலை நானே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
இணுவில் வாசகர் ஒருவர்