என் மிஷினை நிறுத்த வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் எடுக்கிற இயக்குநர்களுக்கும், வசனம் எழுதுகிறவர்களுக்கும், முக்கியமாக ஒலி சேர்க்கிறவர்களுக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து சற்றுத் தள்ளி, கடைமடையில் உள்ள ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுத் திண்ணையைத் தட்டி வைத்து அடைத்த இடம். காலால் மிதிக்கும் மிஷின் ஒன்று, ஓவர்லாக் மிஷின் ஒன்று, சுவரில் ஒரு டிவி. படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். நான் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ஊசி ஓடும்போது கண்ணை எடுத்தால் விரலில் ஏறிவிடும். ஒரு முறை ஏறியும் இருக்கிறது. அதனால் இத்தனை வருடமாக என் கண் துணியிலும் காது டிவியிலும்தான் இருக்கின்றன. ஒரு காட்சிக்கு நட்சத்திரம் போட எனக்குத் தெரியாது. மிதித்துக்கொண்டிருக்கிற கால் தானாக நின்று தலை நிமிர்ந்தால் அது நல்ல காட்சி. நிற்கவில்லை என்றால் எனக்கு வேலை நடக்கிறது, உங்களுக்கும் நடக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் வானொலியில் தொடங்கியது. சின்ன வயதில் திருச்சி வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப் படத்தைச் சுருக்கி, வெறும் வசனமும் பாட்டுமாக ஒலிபரப்புவார்கள். அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். பல படங்களை நான் அப்படித்தான் முதலில் பார்த்தேன். பிறகு டூரிங் கொட்டகையில் அதே படத்துக்குப் போனால், நான் மனதில் போட்டு வைத்திருந்த முகம் ஒன்றாகவும் திரையில் வருகிற முகம் வேறாகவும் இருக்கும். சில படங்களில் இன்றைக்கும் நான் போட்ட முகம்தான் சரி என்பது என் கட்சி.

தில்லானா மோகனாம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் வந்த படம், நான் பிறப்பதற்கு முந்தையது. அதில் நாகசுரம் வாசிக்கிற சண்முகசுந்தரத்தின் ஊரான சிக்கல் எங்களுக்குப் பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர். நாட்டியம் ஆடுகிற மோகனாவின் திருவாரூரில்தான் நான் நூல்கண்டு வாங்குகிறேன். போட்டிக் காட்சியில் எல்லோரும் நிமிர்வார்கள், நானும் நிமிர்வேன். ஆனால் என் கால் முழுசாக நிற்பது வேறோர் இடத்தில். காயம்பட்ட மனிதர் நாகசுரத்தைத் தூக்கி வாசிக்க, ஆடுகிறவள் ஆட்டத்துக்குள்ளேயே நலம் விசாரிக்கிறாளே, அங்கே. அந்த நாகசுரத்தை உண்மையில் ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மூச்சு அவர்களுடையது, கன்னமும் கழுத்து நரம்பும் சிவாஜியுடையது. இரண்டையும் ஏ.பி. நாகராஜன் சேர்த்த இடத்தில் தையல் தெரியவில்லை. ஐம்பது தடவை தேடிப் பார்த்துவிட்டேன். உள்பக்கம் புரட்டிப் பார்த்தாலும் பிசிறு கிடையாது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போய்விடும், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிற ஊர். 2022இல் அந்த நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்யாணக் காட்சி வைக்காத தொடர் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். அத்தனை கல்யாணத்திலும் நாகசுரம் கேட்கிறது. அதைக் கடைகிற பட்டறையின் சத்தம் மட்டும் நான் கேட்ட எந்தப் படத்திலும் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் மேல் ஏறிப் போனது. தென்னைகள் முறிந்து கிடந்தன, மின்கம்பங்கள் வயலில் படுத்திருந்தன. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. டிவி இல்லை, செல்போன் இல்லை. என் மிதி மிஷின் மட்டும் ஓடியது. கிழிந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து தைக்கச் சொன்னார்கள், ஊசி உடைய உடையத் தைத்தேன். ஒரு சாயங்காலம் அரிக்கேன் விளக்கு வைத்திருந்தேன். தார்ப்பாய்க்காகக் காத்திருந்த பெண்கள் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். போன மரத்தைப் பற்றி எத்தனை நேரம்தான் பேசுவது? பக்கத்துத் தெருப் பாட்டி ஒருத்தி, "மோகனாம்பாள் கதை சொல்லட்டுமா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை, அவளாக ஆரம்பித்துவிட்டாள். வைத்தியாக வந்தபோது நாகேஷைப் போலக் குறுகினாள். ஜில் ஜில் ரமாமணியாக இழுத்துப் பேசினாள். நாகசுரம் வரவேண்டிய இடத்தில் இரண்டு கையையும் வாயில் குவித்து ஊதினாள். பொக்கை வாய், காற்றுதான் வந்தது. அன்றைக்கும் மிஷினை நிறுத்தினேன். உங்களில் யாருக்காவது வேலையின் மேல் சலிப்பு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். நீங்கள் கரண்ட் இல்லாத ஊருக்கும் போயிருக்கிறீர்கள்.

இனி தொடர்கள். கொஞ்சம் கோபமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கன்னத்தில் அறை விழுகிறது. உடனே இடி முழக்கம். அறை வாங்கியவர் முகம், அறைந்தவர் முகம், மாமியார், நாத்தனார், காப்பித் தட்டோடு நிற்கிற வேலைக்காரப் பெண் என்று எல்லா முகத்துக்கும் தனித்தனியாக ஓர் இடி. நான் தலை நிமிராமலேயே எத்தனை பேர் கூடத்தில் நிற்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லிவிடுவேன். போன மாதம் ஓர் இரவு, அறை விழுந்த நேரத்தில் ரவிக்கையில் கொக்கி வைக்கத் தொடங்கினேன். அடுத்தவர் வாய் திறப்பதற்குள் நான்கு கொக்கி முடிந்துவிட்டது. விளம்பரம் வேறு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மெட்டி ஒலி இப்படியா இருந்தது? 2002இல் தொடங்கியது. திருமுருகன் எடுத்தது. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார். அதிர்ந்து பேசாத குரல். அந்தக் குரலில் ஓர் இடைவெளி விழுந்தால் எனக்கு விரல் பதறும். முதல் பத்தியில் ஊசி ஏறியது என்றேனே, அது மெட்டி ஒலி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான். இடது கை ஆள்காட்டி விரல். தழும்பு இருக்கிறது. கோலங்களில் தேவயானியின் அபியை எனக்குப் பிடிக்கக் காரணம் அழுகை இல்லை, அவள் வேலைக்குப் போனாள், தொழில் நடத்தினாள். இப்போதைய கதாநாயகிகள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று என் காதுக்கு வரவே இல்லை.

எதிர்நீச்சலின் ஆதி குணசேகரனை இந்த ஊரில் திட்டாத பெண் இல்லை. திட்டிக்கொண்டே அவருக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். "இந்தாம்மா ஏய்" என்று அந்தத் தொண்டை தொடங்கினால் துணி கொடுக்க வந்தவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்துபோனார், அந்தத் தொடருக்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடம்பு முடியாமல். பிறகு வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணால் பார்க்கிறவர்களுக்குப் புது முகம் சீக்கிரம் பழகிவிடும். காதால் பார்க்கிற எனக்கு அந்த வீட்டில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போலவே பல நாள் இருந்தது.

உடை விஷயத்தில் நான் வாய் திறந்தால் மடல் முடியாது. பட்டுப்புடவையோடு படுத்துத் தூங்குவதை விட்டுவிடுகிறேன். தொடரில் வந்த ரவிக்கையின் முதுகுப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துவந்து "இதே மாதிரி" என்கிறார்கள், அதில் எனக்கு நாலு காசு வருகிறது. ஆனால் நடவுக் காட்சிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படங்களில் தாவணியும் சின்னக் கை ரவிக்கையுமாக வரிசையாக நின்று பாடிக்கொண்டே நடுகிறார்கள். இங்கே நடவுக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், வெயிலுக்கும் கீறலுக்கும். அந்தச் சட்டைகள் என்னிடம் வரும். கை நீளத்தைக் குறைத்து, தோளைப் பிடித்து, மேல் பையைப் பிரித்து உள்பக்கமாக வைத்து ஒரு பித்தானும் போட்டுத் தருவேன். குனியும்போது செல்போன் சேற்றில் விழக்கூடாது அல்லவா. அந்தப் பித்தான் ஒன்றை ஒரு படத்தில் பார்த்துவிட்டால் அந்த உடை அலங்காரக்காரருக்குக் கூலி வாங்காமல் ஒரு சட்டை தைத்துக் கொடுக்கத் தயார்.

நீங்கள் எங்கள் பக்கம் வந்து எடுத்தவற்றில் சற்குணத்தின் களவாணியை (2010) எத்தனை முறை போட்டாலும் ஓடவிடுவேன். உதவாக்கரைப் பிள்ளை ஆவணி வந்தால் சரியாகிவிடுவான் என்று ஜோசியத்தை நம்பிக்கொண்டிருக்கிற அம்மாவாக சரண்யா. அந்த அம்மா என் கடைக்கு வாரம் மூன்று பேராவது வருகிறார்கள். மகாநதியை ஒரே ஒரு முறை பார்த்தேன். இரண்டாம் முறை துணிவு வரவில்லை. படம் அவ்வளவு நல்ல படம். பொன்னியின் செல்வனில் அரண்மனைகளுக்கு மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா வரைக்கும் போக வேண்டியிருந்தது, அதில் தப்பில்லை. பழையாறையில் கோயில்கள் இருக்கின்றன, மாளிகை எங்கே இருக்கிறது?

பிரேம்குமாரின் மெய்யழகனை (2024) பற்றித்தான் எனக்கு நிறையப் பேச இருக்கிறது. நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்கு வந்த அரவிந்த் சாமியும், யாரென்றே தெரியாத அந்தச் சொந்தக்காரராகக் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இடி இல்லை. தவளைச் சத்தம் இருந்தால் தவளைதான் கேட்கிறது. அன்றைக்கு அரை மணி நேரம் ஒரு தையல் கூட ஓடவில்லை, மறுநாள் துணி கேட்டு வந்தவரிடம் பொய் சொன்னேன். படம் வெளியானபின் நீளம் என்று சொல்லிச் சுமார் பதினெட்டு நிமிடத்தை வெட்டிவிட்டார்களாமே? வெட்டுகிற தொழில் எனக்கும் தெரியும் என்பதால் சொல்கிறேன். துணி பெரிதாக இருந்தால் உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். பிற்பாடு பிரித்து விட்டுக்கொள்ளலாம். கத்திரி வைத்துவிட்டால் போனது போனதுதான். எங்கள் பக்கத்துப் பேச்சு நீளமாகத்தான் இருக்கும். பஸ் வந்து நிற்கும், ஏறுகிறவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பேசுவார், கண்டக்டர் காத்திருப்பார்.

பேச்சென்றதும் ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை என்று பலகை போட்டுவிட்டு, கிராமம் என்றால் மதுரைத் தமிழ்தான் என்று எல்லோரையும் அப்படிப் பேச வைக்கிறீர்கள். மதுரைத் தமிழ் மதுரையில் அழகு. காதால் பார்க்கிறவளை ஏமாற்ற முடியாது.

கடைசியாக, இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதைக் கேட்கத்தான். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், சில வருடம் தள்ளிப்போகும். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என்கிற மதகில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பங்குபோட்டுக்கொண்டு கடைமடைக்கு வருவதற்குள் எங்களுக்குக் கண் பூத்துவிடும். தண்ணீர் வந்தால் நடவு, நடவு வந்தால் கூலி, கூலி வந்தால் ரவிக்கைத் துணி. என் வீட்டுக் கொல்லையில் வாய்க்கால் ஓடுகிறது. மே மாதம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தண்ணீர் வரும் அன்று முதலில் கேட்பது தண்ணீர்ச் சத்தம் இல்லை, சருகு நகர்கிற சத்தம். பழுப்பு நுரையும் செத்தையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மனிதர் நடப்பதைவிட மெதுவாக வரும். வெடிப்புக்குள் இறங்கும்போது குடத்தில் தண்ணீர் மொள்கிற மாதிரி குடுக் குடுக் என்று குடிக்கும். அந்த வெடிப்பு குடித்து முடித்தபிறகுதான் அடுத்த அடி நகரும். உள்ளே இருந்த நண்டுகள் வெளியே ஓடும். பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துபோவார்கள். நீங்கள் ஆறு காட்டினால் எப்போதும் நுங்கும் நுரையுமாக, மேலிருந்து எடுத்ததாக, வயலின் இசையோடு வருகிறது. இந்தச் சத்தத்தை நான் பார்த்த ஒரு படத்திலும் கேட்டதில்லை.

வந்து பதிவு செய்யுங்கள். கேமராகூட வேண்டாம், ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் போதும். அன்றைக்கு டிவியை அணைத்து வைக்கிறேன், மிஷினையும் தொடமாட்டேன். ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி அனுப்பினால் நல்லது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைத் துணி கூரை வரை அடுக்கியிருக்கும், வருகிறவர் உட்காரத் திண்ணையை ஒழிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து ஒரு தையற்காரி